வைரத்துக்குச் சான்றிதழ்: கூடுதல் காசு எதற்கு?

கேள்வி: மகளின் கலியாணத்துக்கு அரைக் கரட் வைரம் வைத்த மோதிரம் ஒன்று வாங்க நினைக்கிறோம். கஸ்தூரியார் வீதியில் இரண்டு கடைகளில் பார்த்தோம். ஒரு கடையில் ஜி.ஐ.ஏ. என்ற வைர ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழோடு தருகிறார்கள், விலை கூட. மற்றக் கடைக்காரர் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அதே அளவு கல், விலை குறைவு. "நாங்கள் தருகிற அட்டையே காணும்" என்கிறார். ஒரு தாளுக்காக அவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: கொடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் கையில் இருக்கும் கல் எது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம், சிக்கல் அங்கேதான்.

தங்கம் என்றால் பத்தர் உரைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். வைரத்தில் அந்த வசதி இல்லை. இன்று ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரமும் அதே கார்பன்தான். அதே கடினம், அதே ஜொலிப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அனுபவசாலியால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. கடையில் பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லில் தொட்டுக் காட்டுவார்களே, அது கல் வெப்பத்தைக் கடத்துவதைத்தான் அளக்கிறது. வளர்த்த வைரம் அதில் தாராளமாகத் தேறும். வெப்பத்தை மட்டும் பார்க்கிற பேனாவை மொய்சனைட் என்ற வேறொரு கல்லும் ஏமாற்றிவிடும். ஆனால் விலையில் வளர்த்த வைரம் இயற்கை வைரத்தின் சிறு பங்குதான். ஆகவே மலிவாகத் தெரிகிற கல் உண்மையில் மலிவா என்று இப்போதைக்கு உங்களால் சொல்ல முடியாது.

இலங்கையில் வைரம் தோண்டி எடுப்பதில்லை. இங்கே 'மாத்தறை வைரம்' என்று பெயரெடுத்தது நிறமற்ற சிர்கோன் கல். கடைக்கு வரும் வைரமெல்லாம் வெளிநாட்டிலிருந்து பல கை மாறி வருவது. மொத்த வியாபாரி சொன்னதைத்தான் கடைக்காரர் உங்களிடம் சொல்கிறார்.

அப்புறம் தரம். நிறத்தை டி (நிறமற்றது) முதல் இசட் (மஞ்சள் சாயல்) வரை எழுத்துகளால் குறிக்கும் அளவுகோல் ஜி.ஐ.ஏ. தந்தது. 1931இல் தொடங்கிய அந்த அமெரிக்க நிறுவனம் 1955 முதல் வைரத் தர அறிக்கை வழங்குகிறது. வைரம் விற்பது அதன் வேலை அல்ல. கடையின் பிரகாசமான விளக்கில் ஜி நிறக் கல்லும் ஜே நிறக் கல்லும் ஒன்றுபோல மின்னும், விலை ஒன்றாகாது. கடை தரும் அட்டை என்பது விற்பவர் தன் பொருளுக்குத் தானே போட்ட மார்க். வெளி ஆய்வுகூடங்களிலும் தாராளமாகத் தரம் போடுபவை உண்டு; அதனால் சான்றிதழ் இருக்கிறதா என்பதோடு யார் கொடுத்தது என்பதையும் பாருங்கள்.

இனி, சான்றிதழை வாசிக்க வேண்டும். பலர் அதைப் பெட்டியோடு வாங்கி அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். முதலில் இயற்கை வைரமா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா என்ற வரியைப் பாருங்கள். வளர்த்த வைரத்துக்கும் முறையான சான்றிதழ் உண்டு. அதிலுள்ள இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். கல்லின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் சந்திக்கும் இடுப்பு விளிம்பில் அதே இலக்கம் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். இலக்கம் பொருந்தினாலும் நிற்காதீர்கள்: இயற்கைக் கல்லின் இலக்கத்தை வளர்த்த கல்லில் பொறித்த மோசடிகள் பிடிபட்டிருக்கின்றன. எடையையும் மில்லிமீற்றர் அளவுகளையும் உங்கள் முன்னால் ஒப்பிடச் சொல்லுங்கள். மோதிரத்தில் பதித்த பிறகு கல்லைத் தனியே நிறுக்க முடியாது, எனவே இதெல்லாம் பதிக்க முன்னர் நடக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: சான்றிதழில் விலை இருக்காது. நாளை அடகு வைக்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் காசு தருவார்கள். விற்கப் போனாலும் வாங்கின விலை கிடைக்காது. வைரத்தைச் சேமிப்பாக நினைத்து வாங்காதீர்கள்.

பொடிக் கற்கள் வைத்த தோட்டுக்குக் கல்லுக்குக் கல் சான்றிதழ் கேட்பது கட்டுப்படியாகாது. அதற்குப் பற்றுச்சீட்டே போதும்; இயற்கையா வளர்த்ததா, மொத்தம் எத்தனை கரட், என்ன தரம் என்று எழுதி வாங்குங்கள். பின்பக்கம் மூடிக் கல் பதித்த நகையில் கல்லின் குறை மறைந்துபோகும், பதிக்க முன்னரே பார்த்துவிடுங்கள்.

பழகிய கடையை விட மனமில்லையா? சரி, அவரிடமே போங்கள். "இயற்கை வைரம், இல்லை என்று ஆய்வுகூடம் சொன்னால் முழுக் காசும் திருப்பித் தரப்படும்" என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் கொழும்பில் இருக்கிறது. வளர்த்த வைரத்தைப் பிரித்தறியும் சோதனை செய்வார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கல்லைக் கொண்டுபோங்கள். எழுதித் தர அவர் தயங்கினால் மற்றக் கடையிலேயே வாங்குங்கள்.