சாவியில்லாத ராணுவ ஜீப்பைப் பூட்டுவது எப்படி?

பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துங்கள். அதன் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடிய வேண்டும். ஸ்டியரிங்கையும் தடித்த சங்கிலியால் வண்டியின் தரைச் சட்டத்தோடு பூட்டுங்கள். ஒன்று மட்டும் போதாது.

உங்கள் ஜீப்பைத் திருடியவன் "சாவியே இல்லாமல் எப்படிக் கிளப்பினான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராணுவ வண்டிகள் பலவற்றில் சாவித் துளையே கிடையாது; சுவிட்சைத் திருப்பினால் யாரும் ஓட்டலாம். குண்டு விழும் இடத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அந்த வசதிதான் இப்போது திருடனுக்கும் உதவியிருக்கிறது.

பேட்டரி சுவிட்சை அணைத்தபின் விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் மூன்றையும் இயக்கிப் பாருங்கள். ஏதேனும் வேலை செய்தால், முன்பு வைத்திருந்தவர் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்திருக்கலாம். அதைத் தேடிப் பிடுங்குங்கள்.

எஞ்சின் ஓடும்போது இந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கெட்டுப்போகலாம். வண்டி 24 வோல்ட் என்றால் சுவிட்சும் அதற்கேற்றதாக இருக்கட்டும். இன்னொன்று: கியர் மாற்றி ஓட்டும் பழைய டீசல் வண்டிகள் சிலவற்றை மின்சாரமே இல்லாமல் சரிவில் தள்ளிக் கிளப்பிவிடலாம். சோம்பல்பட்டுச் சங்கிலியை விட்டுவிடாதீர்கள்.