‘பூ’ படமும் மாரியும்: கேள்வி பதில்

2008-ல் சசி இயக்கிய ‘பூ’ படம் பற்றியும், மாரியாக நடித்த பார்வதி பற்றியும் வந்த கேள்விகள் இவை. முடிவையும் பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பேரே கேள்விப்பட்டதில்லை அண்ணா. என்ன கதை?

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மாரிக்கு, முறைப்பையன் தங்கராசு மேல் சின்ன வயசிலிருந்தே உயிர். பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், தங்கராசுவுக்குப் பொண்டாட்டி ஆவேன் என்று சொல்கிற பிள்ளை. அவன் சென்னைக்குப் படிக்கப் போகிறான். கல்யாணம் வேறு பெரிய இடத்தில் முடிகிறது. மாரிக்கும் வேறு மாப்பிள்ளை.

கேள்வி: நல்ல படம் என்றால் ஏன் ஓடவில்லை?

2008 நவம்பர் கடைசியில் வந்தது. நிஷா புயல் மழை ஒரு பக்கம், தியேட்டர்களில் ‘வாரணம் ஆயிரம்’ ஒரு பக்கம். சண்டை இல்லாத கிராமத்துப் படத்துக்கு அது நல்ல நேரம் இல்லை.

கேள்வி: ஒருதலைக் காதல் படம் என்றாலே அழுது வடியுமே?

இதில் அப்படி இல்லை. பார்வதி இந்தப் பாத்திரத்தைப் பிடித்த இடமே மாரியின் சந்தோஷம்தான். கல்யாணமானவள் திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்புகிறாள், தங்கராசுவைப் பார்க்கலாம் என்பதற்காக. அந்த முகத்தில் ஏக்கம் கிடையாது, நாளைக்குத் தீபாவளி என்கிற பிள்ளையின் பரபரப்புதான் இருக்கிறது. நடையில்கூட அவசரம். தன்னைப் பற்றி மாரிக்கு வருத்தமே இல்லை என்று நம்மை நம்ப வைக்கிறார் பாருங்கள், அதுதான் கஷ்டமான நடிப்பு. கண்ணீர் வரவழைக்கப் பலருக்கும் தெரியும். கிடைக்காத ஒருவனை நினைத்து இவ்வளவு மலர்ச்சியாகச் சிரித்து, அதை அசட்டுத்தனமாகத் தெரியாமல் காப்பாற்றுவது எல்லோராலும் ஆகாது. அப்போது அவருக்கு இருபது வயதுதான். கோழிக்கோட்டுப் பெண், முதல் தமிழ்ப் படம். அந்த வருடத் தமிழ்ப் படங்களுக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதும் அவருக்குத்தான்.

கேள்வி: கட்டின புருஷன் இருக்கும்போது இப்படி நினைப்பது தப்பில்லையா?

எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. கணவனை இயக்குநர் கெட்டவனாகக் காட்டவில்லை. மாரியும் அவனிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். தங்கராசுவிடம் அவள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: அவன் நன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கடைசியில் ஏன் அந்த அழுகை?

அந்த ஒன்றும் நடக்கவில்லையே! அவன் தனக்குக் கிடைக்காமல் போனதற்கு அழாதவள், அவன் வாழ்க்கை சரியில்லை என்று கண்ணால் பார்த்ததும் உடைகிறாள். படம் முழுக்கச் சிரித்த முகம் என்பதால்தான் அந்த அழுகையை நம்மால் தாங்க முடிவதில்லை. முதல் பாதியிலேயே பார்வதி சோகத்தைக் கொஞ்சம் கசியவிட்டிருந்தால் இந்தக் காட்சி சாதாரணமாகப் போயிருக்கும்.

கேள்வி: இது சிறுகதையிலிருந்து எடுத்ததாமே, சார்?

ஆமாம், ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’. சின்னக் கதை. படத்தில் விரிந்தது பெரும்பாலும் முன்கதைதான். அவசியம் படியுங்கள். எனக்குக் கதையின் சிக்கனம் இன்னும் பிடிக்கும்.

கேள்வி: வேறு யார் நடிப்பு பிடித்தது? குறையே இல்லையா?

தங்கராசுவின் அப்பா பேனாக்காரராக வரும் ராமு. வீதி நாடகத்திலிருந்து வந்தவர். மகனை இன்ஜினியராக்கியே தீருவது என்ற அவருடைய வெறிதான் கதையின் திருப்பத்துக்கே காரணம். ஆனாலும் அவரை வெறுக்க முடியாது. படத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு கடைசிவரை ‘பூ’ ராமுவாகவே இருந்தார். ‘சூரரைப் போற்று’ படத்தில் சூர்யாவின் அப்பா அவர்தான். 2022-ல் காலமானார்.

குறை என்றால், தங்கராசுவாக வரும் ஸ்ரீகாந்த் அந்த மண்ணில் முழுசாக ஒட்டவில்லை. அப்புறம், மாரி கண்ணால் தங்கராசுவைப் பார்க்கப் பழகிவிட்டால் அதுவும் பெரிதாக உறுத்தாது.

கேள்வி: பார்வதியின் வேறு தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்களேன்.

‘மரியான்’, 2013. அதில் பனிமலராக வருகிறார். அங்கேயும் காத்திருக்கிற பெண்தான், ஆனால் மாரியின் சாயல் துளிகூட இருக்காது.