பணியின்போது உயிரிழந்த தீயணைப்பு வீரர் உங்கள் உறவில் உண்டா? அவரை எப்படி நினைவுகூர்கிறீர்கள்?

உண்டு, என் தாய்மாமா. திருநெல்வேலி மாவட்டத்தில் தீயணைப்போராக இருந்தார். அவரைக் கொண்டுபோனது தீ இல்லை, ஒரு கிணறு.

எங்கள் பக்கம் 101-க்கு வரும் அழைப்பெல்லாம் நெருப்புக்காகவா வருகிறது? ஆற்றில் முழுகியவர், அடுக்களையில் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு. மாமா குறுக்குத்துறையில் நீச்சல் பழகியவர். கிணறு என்றால் முதலில் கயிற்றைக் கையில் எடுப்பது அவர்தானாம்.

வீட்டில் நாங்கள் பார்த்த மாமா அவசரக்காரர். சாப்பாட்டில் மட்டும்தான். மணி அடித்தால் பாதியில் எழவேண்டிய பழக்கம், விடுப்பு நாளிலும் போகவில்லை. அம்மா தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியோடு இலை போடுவாள். அப்பளம் பொரித்துக்கொண்டு வருவதற்குள் மாமா இலையை மடித்திருப்பார். “ரிட்டயர் ஆனபிறகு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அக்கா” என்பார்.

ஓர் ஐப்பசியில், மானூர்ப் பக்கம், கமலை இறைத்த காலத்துக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. உள்ளே ஓர் ஆடு. அதை வலையில் கட்டி மேலே அனுப்பிவிட்டார். மழையில் ஊறிய பக்கச்சுவர்க் கல் பெயர்ந்து தலையில் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள், “போயும் போயும் ஓர் ஆட்டுக்காகவா” என்றார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் ஆகாது. மணி அடித்தது, போனார். பதினாறு கழிந்ததும் ஆட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “இதை விற்கவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, ஆச்சி.” அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். ஆச்சிதான் கயிற்றை வாங்கி வேம்பில் கட்டினாள். கிழடாகிச் சாகும்வரை அது எங்கள் வீட்டில்தான் கிடந்தது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாளாக அனுசரிக்கிறார்கள். எங்களுக்குப் பெரும்பாலும் அன்றுதான் சித்திரை விசுவும். காலையில் நிலையத்துக்குப் போய் மலர் வைத்துவிட்டு வருவோம். மதியம் அம்மா சொதி வைப்பாள். மாமாவுக்கும் ஓர் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அப்பளம் பொரிக்க உள்ளே போவாள். அவள் திரும்பி வரும்வரை நாங்கள் யாரும் இலையில் கை வைப்பதில்லை.