லேட் என்பது பட்டமா?

கேள்வி: அண்ணா, என் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் மாமனார் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட வேண்டும் என்கிறார் மைத்துனர். மகனோ, 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் லேட்' என்று ஆபீசில் எல்லோரும் சொல்வதைத்தான் தானும் சொல்கிறான். அது தப்பு என்று அவனுடைய பழைய வாத்தியார் திட்டினாராம். இந்தச் சொல்லின் பொருள் என்ன, எப்படிப் பயன்படுத்துவது? 'லேட்லி' என்பதும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கல்யாணப் பத்திரிகை என்று எழுதினீர்களே அக்கா, அங்கேயே என் பேனா நின்றுவிட்டது. பொருளும் பயன்பாடும் எங்கும் ஓடிப்போகாது, அப்புறம் பார்ப்போம்.

பத்திரிகையில் 'காலை 10 மணி' என்று பொன்னெழுத்தில் போட்டிருப்பார்கள். நம்பி 10 மணிக்குப் போனால் மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறவரும் நானும்தான் இருப்போம். பெண்ணின் மாமாவுக்குப் போன் போட்டால் 'கமிங் ஜஸ்ட் நவ்' என்பார். மற்ற நாட்டு இங்கிலீஷில் 'ஜஸ்ட் நவ்' என்றால் இந்த நிமிஷம், அல்லது சற்று முன். நம் தென்னாப்பிரிக்காவில் அதற்கு 'என்றைக்காவது' என்று பொருள். 'நவ் நவ்' என்று இரண்டு தரம் சொன்னால் கொஞ்சம் நம்பலாம். ஆள் குளித்தாவது முடித்திருப்பார்.

நம்மவர் காரியங்களில் குறித்த நேரத்துக்கு நடப்பது ஒன்றே ஒன்றுதான். கிளேர் எஸ்டேட் தகன மேடையில் பிற்பகல் 2 மணி என்று எழுதிக் கொடுத்தால் 2 மணிதான். அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். ஆக, நம் சமூகத்தில் லேட் ஆனவர் மட்டும்தான் லேட்டாக வருவதில்லை. இதை நான் ஒரு கூட்டத்தில் சொல்லப்போய், நன்றியுரை வழங்க வந்த அன்பர் கோபித்துக்கொண்டு என் பெயரை விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் நன்றி சொன்னார். அவர் நன்றியுரையே முக்கால் மணி நேரம். அதில் என் பெயர் இல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை, கேட்க நேர்ந்ததுதான் வருத்தம்.

சரி, உங்கள் சொல்லுக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'மெதுவான' என்று பொருள். அதிலிருந்து தாமதம் வந்தது. 'சமீபத்தில் இருந்த, இப்போது இல்லாத' என்ற அர்த்தத்தில் இறந்தவரைக் குறிக்கத் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டு வாக்கில். 'லாஸ்ட்', 'லாட்டர்' இரண்டும் இதே சொல்லின் பிள்ளைகள். டென்னிஸில் பந்து வலையில் உரசி விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, தடை என்ற பொருளில், அதுவும் பங்காளிதான்.

லண்டன் இலக்கணப்படி, பெயருக்கு முன்னால் 'தி லேட் மிஸ்டர் பிள்ளை' என்றால் பிள்ளை இறந்துவிட்டார். வாக்கியத்தின் முடிவில் 'மிஸ்டர் பிள்ளை இஸ் லேட்' என்றால் பிள்ளை பஸ்சுக்கு நிற்கிறார். உங்கள் மகனின் வாத்தியார் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, நடந்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் வரவில்லை. செயலாளர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து தலைவரின் காதில் 'ஹி இஸ் லேட்' என்றார். தலைவர் முகம் வாடிப்போய், ஒலிபெருக்கியைப் பிடித்து, எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும் என்றார். சபை எழுந்தது. அந்த நேரம் பார்த்து விருந்தினர் உள்ளே நுழைந்தார். எல்லோரும் தனக்காக எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்து (தனக்காகத்தான்!) கைகூப்பிக்கொண்டே மேடையேறினார். இத்தனை அடக்கமான சபையைத் தான் பார்த்ததே இல்லை என்று பேச்சில் வேறு குறிப்பிட்டாராம்.

வாத்தியார் கட்சி இந்தக் கதையைத் தனக்குச் சாதகமாகச் சொல்லும். நான் மாற்றுக் கட்சி. இறந்தவரை 'ஹி இஸ் லேட்' என்பது இந்த மண்ணின் இங்கிலீஷ். தென்னாப்பிரிக்காவில் மட்டுமா, போட்ஸ்வானாவிலும் அப்படித்தான். ஜூலு பேசுகிறவர்கள் ஒருவர் இறந்தால் 'உஷோனிலே' என்பார்கள். பொழுது சாய்ந்தால் 'இலாங்கா லிஷோனிலே'. சூரியனுக்கும் மனிதருக்கும் ஒரே வினை. நாம் 'காலமானார்' என்கிறோம், காலமாகவே ஆகிவிட்டாராம். செத்தார் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற இத்தனை பேர் சேர்ந்து வாழும் நாட்டில் 'லேட்' கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தால் என்ன குடிமுழுகிவிடும்? மகன் தாராளமாகச் சொல்லட்டும். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் பார்த்து எழுதட்டும்.

நான் சண்டைக்கு நிற்பது வேறு இடத்தில். நம் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள்: 'மறைந்த தலைவர் அவர்கள் அடிக்கல் நாட்டினார்.' மறைந்தவர் எப்படி நாட்டினார்? நாட்டியபோது அவர் திடகாத்திரமாக இருந்தார், பக்கத்தில் நின்றவரைத் தள்ளிவிட்டு நாட்டினார். ஆங்கிலத்திலும் இதே வழுக்கல் உண்டு. அங்கே இதற்காகவே தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இறந்து எத்தனை காலம் வரை ஒருவர் 'லேட்'? தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். 'லேட் மகாத்மா காந்தி' என்று யாராவது எழுதினால் சிரிப்பு வரும். பாட்டனுக்குப் பாட்டனுக்கும் அது வேண்டாம். ஒரு மொழிபெயர்ப்பில் இடைக்காலத்தின் பிற்பகுதியைக் குறிக்கும் 'லேட் மெடீவல்' என்பதை 'மறைந்த இடைக்காலம்' என்று போட்டிருந்தார்கள். அதற்கும் மௌன அஞ்சலி செலுத்தினேன்.

இனி உங்கள் மைத்துனர். பெயருக்கு முன்னால் 'லேட்' போட்டு ஒரு புள்ளியும் வைப்பார்கள், 'டாக்டர்' மாதிரி. ஏதோ படித்து வாங்கிய பட்டம் போல இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகையில் 'தி லேட்' என்று முழுதாகப் போடுங்கள், போதும். தமிழ்ப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் 'லேட்' என்று அச்சடிப்பதை நான் ஒப்பமாட்டேன். 'மறைந்த' இருக்கிறது, 'தெய்வத்திரு' இருக்கிறது, 'அமரர்' இருக்கிறது. அமரர் என்றால் சாகாதவர் என்று பொருள். இறந்தவரைப் பார்த்து இப்படிச் சொல்லும் துணிச்சல் வேறு எந்த மொழிக்கு இருக்கிறது?

தமிழ்ப் பக்கமே எதற்கு, படிக்க யார் இருக்கிறார்கள் என்று மைத்துனர் கேட்பார். எனக்குத் தெரியும், எல்லா மைத்துனர்களும் கேட்கிறார்கள். இந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 6ஆம் பிரிவில், வளர்க்கப்பட வேண்டிய, மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழின் பெயரும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த அக்கறை நம் அச்சகத்துக்குப் போகும் வழியில் எங்கோ காணாமல் போகிறது. மேடையில் ஒரு பெரியவர் 'தமிழ் இஸ் லேட் இன் திஸ் கன்ட்ரி' என்றார். எந்த அர்த்தத்தில் என்று எழுந்து கேட்டேன். இன்னும் பதில் இல்லை. தாமதம் என்ற பொருளில் சொல்லியிருந்தாலும் தப்பு. சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது. கல்கத்தாவிலிருந்து வந்த 'பெல்வெடேர்' பத்து நாள் கழித்துத்தான் வந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த காலத்தில் நம்மவர்தான் முதலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு எந்த விழாவிலும் அப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

'லேட்லி' கேட்டிருந்தீர்கள். அதற்குத் தாமதம் என்ற பொருளே கிடையாது. 'அண்மைக் காலமாக' என்று அர்த்தம். தாமதமாக வந்தார் என்பதற்கு 'ஹி கேம் லேட்' போதும். 'மெம்பர்ஸ் ஹூ கம் லேட்லி வில் நாட் பி சர்வ்ட் லஞ்ச்' என்று சுற்றறிக்கை அனுப்பும் செயலாளர் ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவர் எழுதியபடி பார்த்தால், கொஞ்ச நாளாகத்தான் வருகிற புது உறுப்பினர்களுக்குச் சோறு கிடையாது. அடுத்த சுற்றறிக்கையை உங்கள் மகனிடம் காட்டிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.