வெட்டுகத்திக்குப் புதுப் பிடி நாமே போடலாமா?

கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கிய வெட்டுகத்தியின் பிடி ஆடுகிறது, நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம்.

மரம் நன்றாகக் காய்ந்த புளியோ அயினியோ இருக்கட்டும். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் எளிதாகக் கிடைக்கும்தான், ஆனால் நம் மழைக்கு உளுத்துப்போகும். பூணை, அதாவது பிடியின் வாயைச் சுற்றி வரும் உலோக வளையத்தை, முதலிலேயே இறுக்கமாக மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் மரம் பிளக்கும்.

அப்புறம், கத்தியின் வாலைவிட (பிடிக்குள் இறங்கும் கம்பிப் பகுதி) சற்றுச் சிறிய துளையைப் பிடியில் போட்டு, வால் நுனியை மட்டும் பழுக்கக் காய்ச்சி இறக்குங்கள். அலகில் ஈரச்சாக்கு சுற்றியிருப்பது கட்டாயம். சூடு வெட்டும் வாய்ப்பக்கம் ஏறினால் இரும்பின் பதம், அதாவது கடினம், போய்விடும். புகை கிளம்பும், வால் தன் வடிவத்துக்கே மரத்தைக் கரித்து இடம் பிடிக்கும். அரை அங்குலம் மிச்சமிருக்கும்போது உருவி எடுங்கள். ஆறியதும் துளையில் எபாக்சி பசை விட்டு, அலகு கீழே தொங்கும்படி பிடியைப் பிடித்து, மேலே இருக்கும் பிடியின் பின்முனையில் சுத்தியலால் தட்டுங்கள். கத்தியின் கனத்திலேயே வால் உள்ளே ஏறிவிடும்.