முதல் தடவை தனியா கமினோ நடக்கணும், எந்த வழியில போகலாம்?

திருச்சியில இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வயசு 46, பேங்க்ல வேலை, போக வர ஃப்ளைட் நாளையும் சேர்த்து மொத்தமே 18 நாள்தான் லீவு கிடைக்கும், சுத்த சைவம், இடது முட்டி இறக்கத்துல கொஞ்சம் படுத்தும், சமயபுரம் பாதயாத்திரை தவிர நீளமா நடந்து பழக்கம் இல்ல. ஸ்பெயின்ல சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்துக்கு நடந்து போற கமினோவ தனியா போகணும்னு ரொம்ப நாள் ஆசையாம். பிரெஞ்சு வழி, போர்த்துக்கல்ல இருந்து வர்ற வழி, ஒவியெதோவுல ஆரம்பிக்கிற பிரிமிதிவோ, இந்த மூணுல எது சரி, பொண்ணு ஒத்தையா போகலாமா, இதுதான் கேள்வி.

பதில முதல்லயே சொல்லிடுறேன். நீங்க போர்த்துக்கல்ல இருக்கற போர்த்தோவுல ஆரம்பிச்சு கடற்கரை ஓரமா கமின்யா வரைக்கும் போயிட்டு, அங்க இருந்து மின்யோ ஆத்தங்கரையோரமா வலென்சா, பாலம் தாண்டி துய், அப்புறம் நேரா சாந்தியாகோன்னு நடங்க. கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் வரும், ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர்னு வச்சா 13 நாள், நடுவுல ஒரு நாள் ஓய்வு, மிச்ச நாள் பிரயாணத்துக்கு. ஏன் இதச் சொல்றேன்னு இனி விளக்கமா பாப்போம்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. நம்ம தங்கச்சிமடத்துல சந்தியாகப்பர்னு கும்பிடுற அதே யாக்கோபு அப்போஸ்தலரோட கல்லறை அந்தப் பேராலயத்துல இருக்குங்கறது நம்பிக்கை, 9ஆம் நூற்றாண்டுல இருந்து ஐரோப்பா முழுக்க இருந்து ஜனங்க அங்க நடந்து வந்துகிட்டு இருக்காங்க. போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான், வழி மட்டும் நிறைய. நம்ம பழனி பாதயாத்திரையில கூட்டமா போவோம், வழி நெடுக அன்னதானம், படுக்க மண்டபம்னு யாராவது பாத்துப்பாங்க, கமினோவுல அப்படி இல்ல, அவங்கவங்க மூட்டைய அவங்கவங்க தூக்கிகிட்டு அவங்கவங்க வேகத்துல போறது, சாயங்காலம் அல்பெர்கேங்கற யாத்ரீகர் விடுதியில பங்க் பெட்ல ராத்தங்கல்.

வழியத் தேர்ந்தெடுக்கறப்ப எல்லாரும் வீடியோவுல மலையையும் மூடுபனியையும் பாத்துட்டு முடிவு பண்றாங்க. முதல் தடவை, அதுவும் தனியா போறவங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான்னு நான் அடிச்சு சொல்வேன்: இன்னைக்கு உடம்பு முடியலன்னா பாதியில நிறுத்திக்க முடியுமா, அடுத்த படுக்கை எத்தன கிலோமீட்டர்ல இருக்கு? கூட ஆள் இருந்தா ஒருத்தருக்கு முடியலன்னாலும் இன்னொருத்தர் பாத்துப்பாங்க, பைய வாங்கிப்பாங்க, டாக்ஸி கூப்பிடுவாங்க. தனியா போறப்ப அந்த வேலையெல்லாம் வழிதான் பாக்கணும், அதனால ஊரும் காபிக்கடையும் விடுதியும் நெருக்கமா இருக்கற வழிதான் முதல் தடவைக்கு நல்ல வழி.

இந்தக் கணக்குல பிரிமிதிவோ முதல்லயே அடிபட்டுடும். ரொம்ப அழகான வழிங்கறதுல சந்தேகமே இல்ல, 9ஆம் நூற்றாண்டுல அஸ்தூரியாஸ் ராஜா இரண்டாம் அல்ஃபோன்சோ போனதா சொல்ற வழி, ஒவியெதோவுல இருந்து 320 கிலோமீட்டர் மாதிரி. ஆனா அதுல ஒஸ்பிதாலெஸ்னு ஒரு மலைப்பகுதி இருக்கு, போர்ரெஸ் பக்கத்துல ஏறினா பெர்துசேதோ பக்கத்துலதான் ஊரப் பாக்க முடியும், நடுவுல கடை கிடையாது, தண்ணி கிடையாது, ஒதுங்க கூரை கிடையாது, மூடுபனி இறங்கிடுச்சுன்னா பக்கத்துல இருக்கற அம்புக்குறி கூட தெரியாது. கீழ போற மாத்து வழி இருக்குதான், ஆனா அதுலயும் ஏத்த இறக்கம் ஓயாது. முட்டி வலியோட தனியா முதல் தடவை அங்க வேண்டாம்.

அடுத்து பிரெஞ்சு வழி. பிரான்ஸ்ல சாங் ஜான் பியே தெ போர்ல ஆரம்பிச்சா சுமார் 780 கிலோமீட்டர், சாதாரணமா நடக்கறவங்களுக்கு 32ல இருந்து 35 நாள் பிடிக்கும், உங்க லீவுக்குள்ள அடங்காது. முதல் நாளே பிரனீஸ் மலைய ஏறி இறங்கி 25 கிலோமீட்டர் தாண்டி ரோன்செஸ்வாயெஸ் போய்ச் சேரணும், ஒரே நாள்ல 1,200 மீட்டருக்கு மேல ஏத்தம், கடைசி இறக்கத்துலதான் நிறைய பேருக்கு முட்டி போகுது. அந்த மலைப்பாதைய நவம்பர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் மூடியும் வச்சிருப்பாங்க.

அப்ப பாதியில இருந்து போலாமேன்னு கேப்பீங்க, போலாம். லெயோன்ல இருந்து 310 கிலோமீட்டர் கிட்ட. விடுதி, ஊரு, கூட நடக்கற ஜனம் எல்லாமே இந்த வழியிலதான் ரொம்ப நெருக்கம், முட்டி நல்லா இருந்து இன்னும் ஒரு வாரம் லீவும் இருந்திருந்தா கண்ண மூடிகிட்டு இதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா குரூஸ் தெ ஃபெர்ரோங்கற மலைமேல இருக்கற சிலுவையத் தாண்டி மொலினாசேகா வரைக்கும் இறங்கறது இருக்கே, உடைஞ்ச பாறையும் உருட்டுக்கல்லுமா போகும், அதுக்கப்புறம் ஓ செப்ரெய்ரோ ஏத்தம் வேற. கடைசி 115 கிலோமீட்டர் மட்டும் சாரியாவுல இருந்து நடக்கறவங்கதான் எல்லா வழியையும் விட அதிகம், 5, 6 நாள்ல முடிஞ்சிடும், ஆனா இவ்வளவு செலவு பண்ணி அவ்வளவு தூரம் போறவங்க உடம்பு நடைக்குப் பழகுற நேரத்துல முடிச்சிட்டு வர்றது எனக்கு மனசு ஒப்பல.

இப்ப போர்த்தோ வழிக்கு வரேன். இதுலயும் ரெண்டு உண்டு, உள்நாட்டு வழியா போற சென்ட்ரல், கடற்கரை வழியா போற கோஸ்ட்டல். சென்ட்ரல் வழிதான் பழசு, பொந்தெ தெ லிமா மாதிரி ஊரெல்லாம் அவ்வளவு அழகு, ஆனா போர்த்துக்கல்ல ரோடு நெடுக சின்னச் சின்ன கருங்கல்லா பதிச்சிருப்பாங்க, அது மேல நாள் முழுக்க நடந்தா ஷூ எவ்வளவு நல்லதா இருந்தாலும் உள்ளங்கால் எரிய ஆரம்பிச்சிடும், போதாததுக்கு லப்ரூஜா ஏத்தம். கடற்கரை வழியில நிறைய இடத்துல மணலுக்கு மேல போட்ட மரப்பலகை நடைபாதை, காலுக்கு மெத்துன்னு இருக்கும், ஒரு பக்கம் அட்லாண்டிக், ஏத்தம் கம்மி, அஞ்சாறு கிலோமீட்டருக்கு ஒரு ஊராவது வந்துடும். காத்து மட்டும் கோடையில மத்தியானத்துக்கு மேல வடக்கே இருந்து மூஞ்சியிலயே அடிக்கும், அதனால காலையில கிளம்பி 1 மணிக்குள்ள சேர்ற மாதிரி வச்சுக்கங்க.

கமின்யாவுல சில பேரு படகுல ஆத்தக் கடந்து ஸ்பெயின் கடற்கரையிலயே தொடர்ந்து போவாங்க. நீங்க ஆத்தங்கரையோரமா உள்ள திரும்பி வீலா நோவா தெ செர்வெய்ரா வழியா வலென்சா போங்க, கிட்டத்தட்ட சமதளம். வலென்சா கோட்டைக்குள்ள ஒரு ராத்திரி தங்கிட்டு காலையில 1886ல திறந்த இரும்புப் பாலத்துல நடந்து துய்க்குப் போனா ஸ்பெயின், கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கணும். துய்ல இருந்து சாந்தியாகோ 115 கிலோமீட்டருக்கு மேல, நடந்து வந்து சேர்ந்ததுக்குத் தர்ற சான்றிதழுக்கு வேண்டிய கடைசி 100 கிலோமீட்டர் இதுலயே வந்துடும்ங்கறதால நிறைய பேர் இங்கதான் ஆரம்பிப்பாங்க, திடீர்னு கூட்டம் கூடும். தனியா போறவங்களுக்கு அது நல்லதுதான், முதல் வாரம் அமைதி, ரெண்டாவது வாரம் பேச்சுத்துணை. துய் தாண்டி போரின்யோ போறப்ப தொழிற்பேட்டை நடுவுல நேரா ஒரு ரோடு போகும், அதுல போகாதீங்க, லோரோ ஆத்தோரமா மாத்து வழி இருக்கு, நிழலும் உண்டு.

பொந்தெவெத்ரா தாண்டினதும் இன்னொரு கிளையும் இருக்கு. கொம்பாரோ, அர்மென்தெய்ரா மடம் வழியா வீலாநோவா தெ அரோசா போயி, அங்க இருந்து படகுல பத்ரோன் பக்கம் போய் இறங்கறது, அப்போஸ்தலர் உடல் படகுல வந்த வழி இதுதான்னு ஐதீகம். மனசுக்கு ரொம்ப நிறைவான வழி, ஆனா அர்மென்தெய்ரா ஏத்தம் செங்குத்து, பொந்தெவெத்ரா போய்ச் சேர்ற வரைக்கும் முட்டி பேசாம இருந்தா மட்டும் யோசிங்க.

வழி தப்பிடுமோன்னு பயப்பட வேண்டாம், மஞ்சள் அம்புக்குறி பாத்து போனா போதும். ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யாங்கறவர் 1984ல பிரெஞ்சு வழி முழுக்க பெயின்ட்ட எடுத்துகிட்டுப் போய் போட ஆரம்பிச்சது, இன்னைக்கு எல்லா வழியிலயும் அதுதான் அடையாளம். போர்த்துக்கல்ல மட்டும் நீல அம்பும் பாப்பீங்க, அது எதிர்த்திசையில ஃபாத்திமாவுக்குப் போற வழி.

பொண்ணு தனியா போகலாமாங்கறதுக்கு, போகலாம், சமீப வருஷங்கள்ல சாந்தியாகோ வந்து சேர்றவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள்தான், அதுல தனியா வர்றவங்க ஏராளம். அதுக்காக எதுவுமே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். 2015ல பிரெஞ்சு வழியில அஸ்தோர்கா பக்கத்துல தனியா நடந்த ஒரு பெண் கொல்லப்பட்டாங்க, ஆள் இல்லாத இடத்துல அசிங்கமா நடந்துக்கறவங்களப் பத்தி பெண்கள் புகார் சொல்றதும் உண்டு. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல ஒத்தையா கிளம்பாதீங்க, வெளிச்சம் வந்து விடுதியில நாலு பேர் கிளம்பறப்ப நீங்களும் கிளம்புங்க, காட்டுப்பாதை வந்தா முன்னாடி பின்னாடி யாராவது கண்ணுல படுற தூரத்துலயே நடங்க. ரெண்டு நாட்டுலயும் அவசர நம்பர் 112தான், ஸ்பெயின் போலீஸோட அலர்ட்காப்ஸ் ஆப்ப இங்கயே போன்ல போட்டுக்கங்க, இருக்கற இடத்தோட அவங்களுக்கு மெசேஜ் போயிடும்.

சைவச் சாப்பாடு கொஞ்சம் பாடுதான். சைவம்னு சொன்னாலும் சாலட் மேல டூனா மீன் போட்டு வரும், காய்கறி சூப்ல பன்றி சாசேஜ் துண்டு மிதக்கும். ஸ்பெயின்ல வெறும் 'வெஜிடேரியானோ'ன்னு சொல்லாம சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் அதுன், சின் ஹமோன்னு ஒவ்வொண்ணா சொல்லணும், இறைச்சி மீன் டூனா பன்றித்தொடை எதுவும் வேண்டாம்னு அர்த்தம். முட்டை சாப்பிட்டா தோர்த்தியாங்கற உருளைக்கிழங்கு ஆம்லெட் ஒண்ணே காப்பாத்தும், இல்லன்னா சீஸ் போட்ட ரொட்டி, பழம், தயிர், அப்புறம் பத்ரோன் மிளகாய், நம்ம பஜ்ஜி மிளகாய் மாதிரி எண்ணெயில வதக்கி உப்பு தூவித் தருவாங்க, நல்லா இருக்கும். சாந்தியாகோ இருக்கற கலீசியா மாநில அரசாங்க அல்பெர்கேல அடுப்பு இருக்கும், பல இடத்துல பாத்திரம் ஒண்ணு கூட இருக்காது, ஒரு சின்ன அலுமினியச் சட்டியும் ரெண்டு பாக்கெட் பருப்புப் பொடியும் கொண்டு போங்க. ஞாயித்துக்கிழமை ஸ்பெயின்ல நிறைய கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சுக்கணும்.

முட்டிக்கு இப்பவே வேலை ஆரம்பிக்கணும். ஒரே நாள்ல 25 கிலோமீட்டர் நடந்து பாக்கறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, சனிக்கிழமை 15, ஞாயித்துக்கிழமை 15ன்னு முதுகுல பையோட அடுத்தடுத்த நாள் நடங்க, ரெண்டாவது நாள் காலையில உடம்பு என்ன சொல்லுதுன்னு பாக்கறதுதான் பயிற்சி. மலைக்கோட்டைப் படியில மெதுவா இறங்கிப் பழகுங்க, ஏறறத விட இறங்கறதுதான் உங்களுக்கு முக்கியம். பையோட எடை உங்க எடையில பத்துல ஒரு பங்கு தாண்டக்கூடாது, நடைக்குச்சி ரெண்டு கட்டாயம், ஷூ அரை சைஸ் பெருசா வாங்குங்க, நாலஞ்சு நாள்ல கால் வீங்கும். முட்டி ரொம்ப முரண்டு பண்ற அன்னைக்கு பைய மட்டும் அடுத்த விடுதிக்கு வண்டியில அனுப்புற சர்வீஸ் இருக்கு, அதுல கௌரவம் பாக்காதீங்க.

மாசம்னு பாத்தா மே இல்ல செப்டம்பர். ஜூலை 25 ஞாயித்துக்கிழமையா வர்ற வருஷம் அவங்களுக்குப் புனித ஆண்டு, அடுத்தது 2027, அந்த வருஷம் போறதா இருந்தா படுக்கைய முன்னாடியே புக் பண்ணாம கிளம்பவே கிளம்பாதீங்க.

கடைசியா விசா. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், சமமா வந்தா முதல்ல நுழையற நாடு. உங்க வழி ரெண்டு நாட்டுலயும் பாதிப் பாதியா வர்றதால ஒவ்வொரு ராத்திரியும் எங்கன்னு பேப்பர்ல எழுதி எண்ணிப் பாருங்க, போர்த்தோவுல ஒரு நாள் கூட்டினாலே கணக்கு மாறிடும். அரசாங்க அல்பெர்கேல முன்பதிவு கிடையாது, ஆனா விசாவுக்கு எல்லா ராத்திரிக்கும் தங்குமிட ஆதாரம் கேப்பாங்க, அதனால இலவசமா கேன்சல் பண்ற மாதிரி தனியார் அல்பெர்கே, சின்ன ஹோட்டல்னு புக் பண்ணுங்க. மருத்துவ இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு வேணும். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், தேதி கிடைக்கறது கஷ்டம்ங்கறதால லீவு சாங்ஷன் ஆன அன்னைக்கே பாத்துடுங்க. டிக்கெட் எடுக்கறப்ப போகும்போது போர்த்தோ, வரும்போது சாந்தியாகோன்னு போடுங்க, திரும்பி வர்ற ஒரு நாள் மிச்சமாகும். கிரெதென்சியால்ங்கற யாத்ரீகர் பாஸ்புக்க போர்த்தோ பேராலயத்துலயே வாங்கிக்கலாம், துய் தாண்டினதும் சான்றிதழுக்காக அதுல தினம் ரெண்டு முத்திரை குத்திக்கங்க, காபிக்கடையில கூட குத்துவாங்க.