உப்புக்காற்றில் பழைய கண்ணாடி ஜாடி பிசுபிசுக்கிறதே, ஏன்?

கீழக்கரை, தொண்டிப் பக்கம் எதற்கெடுத்தாலும் உப்புக்காற்றின் மேல்தான் பழி. இதில் பாதிதான் உண்மை. நன்றாகத் துடைத்த பிறகும் திரும்பத் திரும்ப வழுக்கினால் கோளாறு பெரும்பாலும் கண்ணாடிக் கலவையில்: சோடாவோ பொட்டாஷோ (கண்ணாடி உருகச் சேர்க்கும் காரப்பொருள்கள்) கூடி, சுண்ணாம்பு குறைந்திருக்கும். ஈரக்காற்று அந்தக் காரத்தை வெளியே இழுக்கிறது.

பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுங்கள். தங்கப்பூச்சு, எனாமல் வேலை, ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் தண்ணீரே காட்டாதீர்கள்.

பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்த மூடிய அலமாரி. ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும். ஏசியைப் போட்டுப் போட்டு அணைப்பது கெடுதல். மேற்பரப்பு சட்டென்று வறண்டால் முடிபோல் விரிசல் ஓடும். அதைத் திருப்பவே முடியாது.

தூக்கும்போது கைப்பிடியை நம்பாமல் அடியில் ஒரு கை கொடுங்கள். நூல் கையுறை வழுக்கும், நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையே நல்லது.